தூது சென்ற பாதிரியார்

தில்லியின் தென்பக்கம் செல்லும் பஸ்களின் நெற்றியில் ஆண்ட்ரூஸ் கஞ்ச் என்று எழுதியிருப்பதை நம் சங்கத்து நண்பர்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். யார் அந்த ஆண்ட்ரூஸ் என்று கேட்டால், ஏதோ ஒரு வைசிராயாகவோ ஜெனரலாகவோ இருக்கும் என்பார்கள். வெள்ளைக்காரர் பெயர் தாங்கிய சாலைகள் பல பெயர் மாறிவிட்ட நகரம் இது. இங்கே, சுதந்திரத்துக்குப் பின் எழுந்த ஒரு குடியிருப்புக்கு, ஓர் ஆங்கிலேயரின் பெயரை நம்மவர்களே மனமுவந்து சூட்டினார்கள். அவர் அதிகாரி அல்லர். இந்நகரில் பத்தாண்டுக் காலம் வகுப்பறையில் நின்று பாடம் சொன்ன ஒரு பாதிரியார். சார்லஸ் பிரீயர் ஆண்ட்ரூஸ் என்பது முழுப்பெயர். தீனபந்து என்பது மக்கள் வைத்த பெயர்.

நான் திருநெல்வேலிச் சீமையில் ஓய்வுநாள் பள்ளியில் மலைப்பிரசங்கத்தை மனப்பாடம் செய்து வளர்ந்தவன். சமாதானம் பண்ணுகிறவர்களுக்கு அதில் எவ்வளவு உயர்ந்த இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை நன்றாக அறிவேன். ஆனால் அந்தச் சொல் நம் பேச்சு வழக்கில் படும் பாட்டைப் பாருங்கள். தவறு செய்தவன் ஏதாவது சமாதானம் சொல்கிறான். அழும் குழந்தையை மிட்டாய் கொடுத்துச் சமாதானப்படுத்துகிறோம். விடுதியில் இருவர் சண்டையிட்டால் இருவர் தோளிலும் ஒருசேரத் தட்டி, போகட்டும் விடுங்களப்பா என்கிறோம். அடித்தவனும் அடிபட்டவனும் ஒன்றே என்று தீர்ப்பாகிவிடுகிறது. ஆண்ட்ரூஸின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, அவர் செய்தது இந்தச் சமாதானம் அல்ல என்று தெளிந்தது. அதை நண்பர்களிடம் சொல்லவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவர் பிறந்தது 1871 பிப்ரவரி 12ஆம் நாள், வட இங்கிலாந்தில் நியூகாஸில் என்னும் ஊரில். வளர்ந்தது பர்மிங்ஹாமில். தந்தை ஒரு சிறு கிறிஸ்தவ சபையின் ஊழியர். பிள்ளைகள் பலர் உள்ள குடும்பம். தாயாருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் சொத்து இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தந்தையின் நெருங்கிய நண்பர் ஒருவரிடம் இருந்தது. அவர் அதை ஊகவாணிபத்தில் போட்டு முழுவதும் அழித்துவிட்டார். செய்தி வந்த அன்று இரவு வீட்டில் வழக்கம்போல் குடும்ப ஜெபம் நடந்தது. சிறுவன் சார்லஸ் தந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தந்தை அந்த நண்பரைச் சபிக்கவில்லை. கண்ணீரோடு அவருக்காகவே மன்றாடினார். அதன்பின் குடும்பம் சிறிய வீட்டுக்கு, எளிய வாழ்வுக்கு இறங்கியது. பிற்காலத்தில் ஆண்ட்ரூஸ் தம் ஆன்மிக வாழ்வைப் பற்றி எழுதியபோது இந்த இரவை மறக்காமல் குறித்தார். துரோகம் செய்தவனுக்காக மன்றாடலாம் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பணம் போன வீட்டில், முழங்காலில் நின்ற தந்தையிடம் தெரிந்துகொண்டார்.

கேம்பிரிட்ஜில் பெம்புரோக் கல்லூரியில் படிப்பு. அங்கேயே, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள பிணக்கில் கிறிஸ்தவத்தின் இடம் என்ன என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பரிசு பெற்றார். பிறகு குருப்பட்டம் பெற்று, தென் லண்டனில் வால்வொர்த் என்னும் ஏழைகள் பேட்டையில் ஊழியம் செய்தார். அவருக்கு பேஸில் வெஸ்ட்காட் என்று ஓர் உயிர் நண்பர். புகழ்பெற்ற வெஸ்ட்காட் பேராயரின் மகன். அவர் தில்லியில் கேம்பிரிட்ஜ் மிஷனில் பணி செய்துவந்தபோது 1900இல் காலராவுக்குப் பலியானார். நண்பர் விட்டுப்போன இடத்துக்குத் தாம் போகவேண்டும் என்ற எண்ணம் ஆண்ட்ரூஸின் மனத்தில் வேர்விட்டது. 1904 மார்ச்சில் தில்லி வந்து சேர்ந்தார். செயிண்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி அப்போது காஷ்மீரி கேட் அருகே இருந்தது. இன்றைய இடத்துக்கு வந்தது 1941இல்தான்.

அக்கல்லூரியில் துணை முதல்வராக இருந்தவர் சுசீல் குமார் ருத்ரா என்ற வங்காளிக் கிறிஸ்தவர். 1906இல் முதல்வர் பதவி காலியாயிற்று. ஆங்கிலேயர் ஒருவர்தாம் தலைமை வகிக்கவேண்டும், இந்தியர் கீழே ஆங்கிலேயர் வேலை செய்வது சரிப்படாது என்பது அக்கால மனப்பான்மை. பதவி ஆண்ட்ரூஸின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அனுபவத்தில் மூத்தவரான ருத்ராவைத் தாண்டி அதைத் தாம் ஏற்க முடியாது என்று அவர் உறுதியாக நின்றார். ருத்ராவே முதல்வரானார், 1923 வரை இருந்தார். இச்செய்தியை ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கோ பின்னால் அவர் சென்ற தூதுகளுக்கெல்லாம் இதுவே அஸ்திவாரம் என்று படுகிறது. தமக்குக் கீழே இருக்கவேண்டியவர் என்று உலகம் சொன்ன ஒருவருக்குக் கீழே மகிழ்ச்சியோடு வேலை செய்யத் தெரிந்தவர், பிறகு எந்த வாசலிலும் தலை குனிய அஞ்சவில்லை.

பழைய தில்லியின் முஸ்லிம் பெரியவர் முன்ஷி ஜகாவுல்லாவும் அவருக்கு அந்நாளில் கிடைத்த செல்வம். 1857இன் கொந்தளிப்பை இளமையில் கண்ட அந்த முதியவரிடம் போய் உட்கார்ந்து, பழைய நகரத்தில் இந்துவும் முஸ்லிமும் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். 1910இல் அவர் காலமானார். 1929இல் ஆண்ட்ரூஸ் அவர் வாழ்க்கையை ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார்.

1912இல் லண்டனில் ஓவியர் ராதன்ஸ்டைன் வீட்டில் கவிஞர் யேட்ஸ் கீதாஞ்சலியைப் படிக்கக் கேட்டு, தாகூரின் அன்பரானார். மறு ஆண்டு இறுதியில் கோகலேயிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. இங்கேதான் நம்மவர் கதை குறுக்கிடுகிறது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்தில் கரும்புத் தோட்டங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்களில் பெரும்பகுதி தமிழரும் தெலுங்கரும். ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்டவேண்டும். ஒரு கூலிக்காரனின் பல மாதச் சம்பளம் அது. போதாதற்கு, கிறிஸ்தவ முறைப்படி நடவாத கல்யாணங்கள் செல்லா என்று ஒரு நீதிமன்றம் 1913இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. காந்தியடிகள் போராட்டத்தைத் தொடங்கினார். நியூகாஸில் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். (ஆண்ட்ரூஸ் பிறந்த ஊரின் பெயரே நேட்டாலின் இந்த ஊருக்கும்!) 1913 நவம்பர் 6ஆம் நாள் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். சிறைகள் நிரம்பின, துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் போயின.

இந்த நிலையில்தான் ஆண்ட்ரூஸும் அவர் நண்பர் பியர்ஸனும் 1914 ஜனவரி தொடக்கத்தில் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார்கள். வரவேற்க வந்த கூட்டத்தில் காந்தி எங்கே என்று தமக்கு அறிமுகமான போலக்கிடம் ஆண்ட்ரூஸ் கேட்டார். போலக் காட்டிய இடத்தில், மாண்டவர்களுக்குத் துக்கம் காத்துத் தலையை மழித்து, கூலிக்காரர் உடையில் மெலிந்த ஓர் உருவம் நின்றது. ஆண்ட்ரூஸ் சட்டென்று குனிந்து அவர் பாதங்களைத் தொட்டார்.

அந்த ஒரு செய்கை டர்பன் நகரத்து வெள்ளையரைக் கொதிக்க வைத்தது. ஒரு வெள்ளைக்காரப் பாதிரி ஓர் ஆசியக்காரன் காலைத் தொடுவதா? பத்திரிகைகள் அவரைக் கடிந்துகொண்டன. சமரசம் பேச வந்தவர் இப்படித் தொடக்கத்திலேயே ஒரு கட்சிக்காரர் ஆகலாமா என்று புத்திசாலிகள் கேட்பார்கள். நானும் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் நடுவில் நிற்க வரவில்லை. அநியாயம் பட்டவன் பக்கம் முதலில் போய், தன் இனத்தின் கடனைக் குனிந்து செலுத்திவிட்டு, அங்கிருந்துதான் எதிர்ப்பக்கம் நடந்தார். உறையூர் முற்றுகையில் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவே போய் நின்ற கோவூர்கிழாரைப் புறநானூற்றில் படித்திருக்கிறோம். அங்கே இருவரும் ஒரே குலத்துச் சோழர். இங்கே ஒருவன் ஆள்பவன், மற்றவன் அடிமைபோல் வாழ்பவன். இவர்களுக்குள் சமாதானம் வரவேண்டுமானால் முதலில் இருவரும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். துறைமுகத்தில் ஆண்ட்ரூஸ் குனிந்தது அதற்காகத்தான் என்பது என் எண்ணம்.

பிறகு பிரிட்டோரியா. ஒருபக்கம் காந்தியடிகள், மறுபக்கம் ஜெனரல் ஸ்மட்ஸ். இருவரிடையே ஆண்ட்ரூஸ் நாள்தோறும் நடந்தார். வரைவின் ஒவ்வொரு சொல்லிலும் மானம் தொக்கி நின்றது. ஸ்மட்ஸ் தோற்றதாகவும் தோன்றக்கூடாது, தொழிலாளர் யாசித்ததாகவும் தோன்றக்கூடாது. அதே சமயத்தில் வெள்ளைக்கார ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து சர்க்கார் திணறியது. எதிரியின் இக்கட்டைத் தமக்குச் சாதகமாக்கமாட்டேன் என்று காந்தியடிகள் தம் போராட்டத்தை ஒத்திவைத்தார். ஸ்மட்ஸின் மனத்தில் பனி உருகத் தொடங்கியது. கஸ்தூரிபா டர்பனில் கடும் நோயாய்க் கிடக்கிறார் என்று தந்தி வந்தது. உடன்பாடு முடியாமல் காந்தியடிகள் நகர மறுத்தார். ஆண்ட்ரூஸ் ஸ்மட்ஸிடம் ஓடி, காரியத்தை விரைவுபடுத்தினார். அந்த ஜனவரியிலேயே உடன்பாடு கடித வடிவில் உறுதியாயிற்று. ஆண்டின் நடுவில் சட்டம் வந்தது. 3 பவுன் வரி ஒழிந்தது. நம் பெண்களின் தாலிக்கு மதிப்பு வந்தது.

இதே நாட்களில்தான் இங்கிலாந்தில் அவர் தாயார் இறந்தார். செய்தி தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. அவர் கப்பலேறிய அதே பிப்ரவரியில், சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 16 வயதில் கண்ணை மூடினாள். உடன்பாடு என்று நாம் ஒரு சொல்லில் எழுதிவிடுகிறோம். அதன் அடியில் இத்தனை பேர் கிடக்கிறார்கள்.

இந்தியா திரும்பியதும் அவர் கல்லூரியை விட்டார். சாந்திநிகேதனத்தில் தாகூரோடு வாழப் போனார். குருப்பணியையும் நிறுத்திவிட்டார். தம் சபையார் ஓதும் பழைய விசுவாச அறிக்கை ஒன்றில், அதை ஏற்காதவர் அழிவர் என்ற பகுதி வருகிறது. அதை வாயால் சொல்ல அவர் மனச்சாட்சி இடம் தரவில்லை. கிறிஸ்துவை விட்டாரா என்றால் இல்லை. விடியுமுன் எழுந்து மௌனமாக அவர் சமுகத்தில் அமர்வது கடைசிவரை அவரது வழக்கம். பகலில் ஓடிய ஓட்டமெல்லாம் அந்த விடியற்காலையில் பெற்ற பலத்தால் ஓடியது.

1915இல் பியர்ஸனோடு பிஜித்தீவு சென்றார். 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து சுமார் 60,000 பேர் அங்கே ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். 1903க்குப் பிறகு சென்னைத் துறைமுகம் வழியே நம்மவரும் ஆயிரக்கணக்கில் போனார்கள். அங்குள்ள பெண்களின் துயரைப் பாரதியார் பாடியதை நாம் அறிவோம். ஆண்ட்ரூஸ் அதைத் தோட்டம் தோட்டமாக, கூலி வரிசை வரிசையாகப் பார்த்து அறிக்கையாக எழுதினார். 1917இல் மறுபடியும் போனார். அவ்வாண்டே ஆள்சேர்ப்பு நின்றது. 1920 ஜனவரி 1ஆம் நாள் பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் யாவும் ரத்தாயின. பலரது முயற்சி அது; ஆயினும் அவர் அறிக்கை இல்லாமல் அவ்வளவு விரைவில் நடந்திராது.

1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை. பஞ்சாபுக்குள் நுழைய முயன்றபோது ராணுவத்தினர் அவரைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். சில மாதம் கழித்து வழி திறந்ததும் போனார். சவுக்கடி பட்டவர்களின் கிராமங்களுக்குச் சென்று, ஆங்கிலேயன் என்ற முறையில் மன்னிப்புக் கேட்டார். அவர் கட்டளையிட்டவர் அல்லர், சுட்டவர் அல்லர். இருந்தும் கேட்டார். பட்டவர்களிடம், மன்னித்துவிடுங்கள் என்று உபதேசிக்கும் பாதிரிகளை நாம் கண்டதுண்டு. மன்னிக்கச் சொல்லுமுன் மன்னிப்புக் கேட்கத் தெரிந்த பாதிரி இவர்.

அங்கிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா. கென்யாவில் இந்தியர் உரிமைக்காகப் பேசியதற்காக, ரயிலில் வெள்ளைக்காரக் குடியேறிகள் அவரைத் தாக்கினார்கள். தாடியைப் பிடித்து வண்டியிலிருந்து இழுக்கப் பார்த்தார்கள். அவர் யார்மேலும் வழக்குத் தொடரவில்லை.

இப்படிப்பட்டவரை எல்லோரும் தலைமேல் வைத்துக் கூத்தாடினார்கள் என்று எண்ணவேண்டாம். சர்க்காரின் ரகசியப் போலீசார் அவர் பின்னாலேயே திரிந்தார்கள். நம்மவரிலும் சிலர் அவரை ஆங்கிலேயரின் ஒற்றர் என்று சந்தேகித்தார்கள். தூது போகிறவனுக்கு இரண்டு பக்கமும் அடி என்பது மத்தளத்தின் கதை.

காந்தியடிகளை மோகன் என்று பெயர் சொல்லி அழைக்கும் உரிமை பெற்றவர் அவர். காந்தியடிகளுக்கு இவர் சார்லி. ஆனாலும் தலையாட்டித் தோழர் அல்லர். 1918இல் யுத்தத்துக்குப் படை திரட்டக் காந்தியடிகள் கிளம்பியபோது, அஹிம்சையோடு இது பொருந்துமா என்று விடாமல் வாதாடினார். 1921இல் அன்னியத் துணிகளைக் கொளுத்தியபோது, பிறர் கையால் நெய்த நல்ல துணியை எரிப்பது உள்ளத்தில் பகையையும் இனச் செருக்கையும் மூட்டும் என்று வருந்தி எழுதினார். காந்தியடிகள் அக்கடிதத்தைத் தம் யங் இந்தியா பத்திரிகையிலேயே வெளியிட்டு மறுமொழி சொன்னார். இருவரும் இணங்கவில்லை, நட்பும் குறையவில்லை.

நம் பல்கலைக்கழகத்துக்கு அருகே உள்ள ரிட்ஜ் குன்றில் மாலையில் உலாவும் நண்பர்கள் அடுத்ததைக் கேட்கவேண்டும். 1924 செப்டம்பரில் கோஹாட்டில் இந்து முஸ்லிம் கலவரம் வெடித்தது. காந்தியடிகள் தில்லியில் மௌலானா முகமது அலியின் வீட்டில் 21 நாள் உபவாசம் தொடங்கினார். பிறகு ரிட்ஜை ஒட்டிய ஒரு மாளிகைக்கு அவரை மாற்றினார்கள். ஆண்ட்ரூஸ் ஓடிவந்து அருகில் இருந்தார். பணிவிடை செய்தார், யங் இந்தியாவின் ஆசிரியப் பொறுப்பையும் பார்த்துக்கொண்டார். நகரில் ஒற்றுமை மாநாடு கூடிற்று. அதில் கலந்துகொண்டவர்களுள் ஒருவர் கல்கத்தா பேராயர் பாஸ் வெஸ்ட்காட், காலராவில் மாண்ட பேஸிலின் சகோதரர். அக்டோபர் 8ஆம் நாள் உபவாசம் முடிந்தது. இமாம் சாகிப் குர்ஆன் ஓதினார். வினோபா உபநிஷதம் சொன்னார். ஆண்ட்ரூஸ் சிலுவையைப் பற்றிய ஆங்கில ஞானப்பாட்டு ஒன்றைப் பாடினார். அவர் அன்று பேச்சு எதுவும் நிகழ்த்தவில்லை. நோயாளியின் அருகில் இருந்தார், பாடினார், அவ்வளவே. சமாதானம் பண்ணுகிறவனின் வேலையில் பாதி இப்படி அருகில் இருப்பதுதானோ என்னவோ.

தென்னாப்பிரிக்கா அவரை விடவில்லை. இந்தியரைத் தனிப் பகுதிகளில் ஒதுக்கும் மசோதா வந்ததும் 1925 இறுதியில் மறுபடி போனார். வாதாடி, வழி செய்து, 1926 இறுதியில் கேப்டவுன் மாநாடு கூட உதவினார். மசோதா கைவிடப்பட்டது. 1927இல் இந்திய சர்க்காரின் முதல் ஏஜெண்டாக அங்கே சென்றவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். ஆனால் அந்த உடன்பாட்டில் ஒரு முள் இருந்தது. பணம் கொடுத்து இந்தியரைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் திட்டத்தை அது ஏற்றது. அப்படிச் சென்னையில் கப்பலிறங்கிய பலர், பேச்சும் பழக்கமும் மாறி, ஊரும் உறவும் ஒட்டாமல் அல்லற்பட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி தணியவும் இல்லை. 1948இல் அதுவே ஆட்சிக் கொள்கையாயிற்று. 1994 வரை நீடித்தது. சமரசம் பேசியவர்கள் போராட்டத்தின் கூர்மையை மழுக்கிவிட்டார்கள் என்று அங்குள்ளவர் சிலர் குறை கூறினர். இதை ஆண்ட்ரூஸின் அன்பர்கள் மழுப்பவேண்டியதில்லை. அவர் கொண்டுவந்த சமாதானங்கள் எல்லாம் அரைகுறையானவைதாம். ஆனால் 3 பவுன் வரி கட்டமுடியாமல் மறுபடியும் அடிமைச்சீட்டு எழுதவிருந்த ஒரு குடும்பத்துக்கு அந்த அரைகுறையே பெரிது. முழு நீதி வரும்வரை அந்தக் குடும்பம் எங்கே போய் நிற்கும்?

மனிதர் மறதிக்காரர், கையில் உள்ளதைக் கேட்டவனுக்குக் கொடுத்துவிட்டு நிற்பவர். திருமணம் செய்துகொள்ளவில்லை, தமக்கென்று ஒரு வீடும் கிடையாது.

1940 தொடக்கத்தில் நோயுற்றுக் கல்கத்தா ஆஸ்பத்திரியில் படுத்தார். காந்தியடிகள் வந்து பார்த்தார். ஏப்ரல் 5ஆம் நாள் உயிர் பிரிந்தது. லோயர் சர்க்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் நினைவாகச் சாந்திநிகேதனத்துக்கு 5 லட்சம் ரூபாய் திரட்டித் தருவதாகக் காந்தியடிகள் ஏற்றுக்கொண்டார். யுத்தமும் அரசியல் கசப்பும் முற்றியிருந்த 1942இல் பம்பாய் சென்று அந்த ஆங்கிலேயப் பாதிரியாரின் பெயரால் பணம் கேட்டார், கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அதே பம்பாயிலிருந்து, ஆங்கிலேயரை வெளியேறச் சொன்னார்.